வியாழக்கிழமைத் தண்ணீர்

தண்ணீர் ஓடுவதைப் பார்த்து ஒரு மனிதனுக்குக் கோபம் வரும் என்பதை அவரோடு ஒரே வீட்டில் இருந்த காலத்தில்தான் அறிந்தேன். வெள்ளம் வீட்டுக்குள் வந்தால் கோபம் வரலாம். குழாய் ஒழுகினாலும் வரலாம். இது அந்த வகையில்லை. சுவிஸ் நாட்டில், ஊஸ்டரில் நாங்கள் இருந்த வீட்டின் பின்னால், பழைய நூல் மில்லுக்காக எப்போதோ வெட்டிய வாய்க்கால் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. மில்லை மூடிப் பல வருடங்களாகிவிட்டன. வாய்க்கால் மட்டும் தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டேயிருந்தது. அவர் தேத்தண்ணிக் கோப்பையோடு குசினி யன்னலில் நின்று அதைப் பார்ப்பார். பார்க்கப் பார்க்க முகம் கறுத்துக்கொண்டு வரும்.

"சும்மா ஓடுது, தம்பி" என்பார். யாரோ அவருடைய காணிக்குள் மாட்டை அவிழ்த்துவிட்ட மாதிரி.

"ஓடட்டும் அண்ணை, அது அதின்ரை வேலை" என்று நான் எத்தனை தரம் சொல்லியிருப்பேன். சொன்னால் கேட்கிற ஆளா?

யாழ்ப்பாணத்தில் ஆறு கிடையாது. தண்ணீர் வேண்டுமென்றால் கிணற்றிலிருந்து இறைக்க வேண்டும். இறைத்த தண்ணீர் வரம்பு உடைத்து வெளியே போனால் குடும்பங்கள் கதையாமல் விடும். அப்படிப்பட்ட இடத்தில் தோட்டம் செய்த மனிதருக்கு, இராப்பகலாக ஒருவரும் இறைக்காமலே ஓடும் தண்ணீர் கண்ணில் குத்தத்தான் செய்யும். அது எனக்கும் விளங்கியது. ஆனால் அவருக்குத் தண்ணீரோடு அது நிற்கவில்லை. எது சும்மா இருந்தாலும் பொறுக்காது. ஒருநாள் சூரிச் ஸ்டேசனில் நகரும் படிக்கட்டு ஒன்று ஆளில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. என் கையைப் பிடித்து இழுத்து, "வெறுமையா ஓடுது, ஏறுவம்" என்றார். எனக்கு மேலே ஒரு வேலையும் இல்லை, அவருக்கும் இல்லை. ஏறி இறங்கி வருவதற்குள் ரயில் போய்விட்டது. அடுத்த ரயிலுக்காகக் குளிரில் நின்றபோது நான் அவரோடு ஒரு வார்த்தை கதைக்கவில்லை. அவருக்கு அது உறைக்கவும் இல்லை. பிளாட்பாரத்துக் கடிகாரத்தின் பெரிய முள் ஏன் இடையிடையே நிற்கிறது என்று ஆராய்ந்துகொண்டிருந்தார்.

அவருடைய அகதி விண்ணப்பம் பெர்னில் ஏதோ ஒரு கந்தோரில் மூன்று வருடமாகச் சும்மா கிடந்தது. சும்மா கிடக்கிற அந்த ஒன்றைப் பற்றி மட்டும் அவர் வாய் திறந்ததில்லை.

இருவரும் ஒன்றாகத்தான் வந்தோம். வருகிற வழியில் கிழக்கு பெர்லினில், பல்லோடு பல் அடித்துக்கொண்டு நின்ற எனக்குத் தன்னிடமிருந்த இரண்டு கம்பளிச் சட்டைகளில் தடிப்பானதைக் கழற்றித் தந்தவர் அவர். அப்போது அவரை எனக்கு முன்பின் தெரியாது. எனக்கு பெர்மிட் முதலில் கிடைத்தது. ரெஸ்டோரண்ட் குசினியில் வேலையும் கிடைத்தது. முதலாளி பிணை சொல்லி அந்த மூன்று அறை வீட்டை எடுத்துத் தந்தார். இவரோ ஒரு முதியோர் இல்லத்தில் அரைநாள் கோப்பை கழுவிக்கொண்டிருந்தார். "ரெண்டு கிழமை இருக்கிறன்" என்று ஒரு பெட்டியோடு வந்தார். அந்த இரண்டு கிழமை இரண்டு வருடமாகி, மூன்றாவது ஓடிக்கொண்டிருந்தது.

என் மனைவியும் நாலு வயது மகளும் கொழும்பில் ஒரு லொட்ஜில் இருந்தார்கள். மகளை நான் கைக்குழந்தையாக விட்டுவந்தவன். அவர்களைக் கூப்பிட வேண்டுமென்றால் நல்ல வீடு காட்ட வேண்டும், பிள்ளைக்கென்று தனி அறை காட்ட வேண்டும் என்று கெமைண்டேயில், அதுதான் ஊஸ்டர் நகரசபைக் கந்தோரில், சொல்லியிருந்தார்கள். வீட்டின் மேல் ஒரு முறைப்பாடு வந்தாலும் கதை முடிந்தது என்று எனக்குப் பயம். அந்தத் தனி அறையில் யார் படுத்திருந்தார் என்று நான் சொல்லத் தேவையில்லை. கட்டிலுக்குக் கீழே என்ன இருந்தது என்பதைத்தான் சொல்லப்போகிறேன்.

அந்த நாட்டில் சில மாதங்களுக்கு ஒருமுறை, வேண்டாத பெரிய சாமான்களைச் சனங்கள் வீதியோரத்தில் வைத்துவிடுவார்கள். விடிய லொறி வந்து ஏற்றிப்போகும். எங்கள் ஆட்களுடைய வீடுகளில் அந்நாட்களில் இருந்த சோபா, மேசை, ரீவி எல்லாம் அந்த வீதியோரத்து வரவுதான். நானும் ஒரு கட்டிலுக்காகத்தான் போனேன். அவர் கட்டிலைத் திரும்பியும் பார்க்கவில்லை. உடுப்புத் தோய்க்கிற மெசின் ஒன்றைக் கண்டு அதன் முன்னால் குந்திவிட்டார். முதுகுத் தகட்டைக் கழற்றி, உள்ளேயிருந்த மோட்டரைக் கையால் சுற்றிப் பார்த்து, "உயிர் இருக்கு" என்றார். மோட்டரைக் கழற்றி, அங்கேயே எறிந்து கிடந்த பிள்ளைத் தள்ளுவண்டியில் வைத்து, மேலே தன் சால்வையைப் போர்த்துத் தள்ளிக்கொண்டு வந்தார். எதிரே வந்த சுவிஸ் கிழவி ஒருத்தி பிள்ளை பார்க்கும் ஆசையில் குனிந்தாள். நான் வீதியின் மறுபக்கத்துக்குப் போய்விட்டேன். அன்றிரவே மோட்டர் அவருடைய கட்டிலுக்குக் கீழே குடிபுகுந்தது.

அவருடைய கணக்கு எளிமையானது. கரண்ட் கொடுத்தால் மோட்டர் சுற்றும். ஆகவே மோட்டரைச் சுற்றினால் கரண்ட் தரும். தரவில்லை. மூன்று மாதம் தரவில்லை. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெல்ட் போட்டு, வியர்க்க வியர்க்க பெடலைக் கையால் சுற்றுவார். மோட்டரில் பூட்டிய பல்ப் செத்த மீன் கண்ணைப் போல அவரைப் பார்த்துக்கொண்டிருக்கும். கை கழுவும் தொட்டியில் கிறீஸ், சோப்பில் கிறீஸ், என்னுடைய வெள்ளைக் குசினிச் சட்டையில் கிறீஸ். ஒருநாள் சோற்றுப் பானையைத் திறந்தேன், உள்ளே ஒரு போல்ட் கிடந்தது. "அதைத்தான் தேடிக்கொண்டிருந்தனான்" என்று சந்தோசமாக எடுத்துக்கொண்டு போனார்.

சுவரில் துளை இருக்கிறது, அதில் வயரைச் செருகினால் வேண்டிய அளவு கரண்ட் வருகிறது, இந்த நாட்டில் அது ஒருநாளும் நின்றதில்லை, பிறகு எதற்கு இந்த அறுப்பு என்று கேட்டேன். சுவருக்குள்ளிருந்து வருவது வேறை ஆக்களுடைய கரண்ட் என்றார். ஒரு வீட்டில் இரண்டு பேர் இருந்தால் ஒருவருக்குத்தான் பைத்தியம் பிடிக்கலாம். அவர் முந்திக்கொண்டார். எனக்கு அந்த வசதியும் இல்லாமல் போய்விட்டது.

கடைசியில் அவர் கோப்பை கழுவிய முதியோர் இல்லத்தில், முன்னாள் எலெக்ட்ரீசியன் கிழவர் ஒருவர் கடதாசித் துடைப்பான் ஒன்றில் படம் கீறிக் கொடுத்தார். மோட்டரின் வயர்களுக்குக் குறுக்கே கண்டென்சர் என்கிற டப்பிகள் மூன்று பூட்ட வேண்டுமாம். பிறகு பற்றரி வயரை ஒரு கணம் தொட்டு எடுக்க வேண்டுமாம், மோட்டருக்குள் இருக்கும் இரும்புக்குக் கொஞ்சம் காந்தம் ஏறினால்தான் கரண்ட் பிறக்குமாம். அந்தக் கிழவர் நன்றாக இருக்கட்டும். ஆனால் அவர் மட்டும் அந்தப் படத்தைக் கீறாதிருந்தால் என் வீட்டில் சமாதானம் வந்திருக்கும். அடுத்த வாரமே சைக்கிள் சுற்றச் சுற்ற பல்ப் மங்கலாகச் சிவந்தது. இவர் அதன் வயரைத் தொடப்போய்ச் சுவரோடு மோதி விழுந்தார். ஓடிப்போய்ப் பார்த்தேன். நிலத்தில் கிடந்தபடி சிரித்துக்கொண்டிருந்தார். "கடிக்குது, தம்பி" என்றார். "கடிச்சால் கரண்ட் இருக்குது எண்டு அர்த்தம்."

இனிச் சைக்கிள் போதாது, வாய்க்கால்தான் என்று அப்போதே முடிவு கட்டிவிட்டார் என்பது எனக்குத் தெரியும். அது எங்களுடைய வாய்க்கால் இல்லை, கை வைத்தால் வழக்கு வரும் என்று கத்தினேன். அவர் ஆறுதலாகச் சொன்னார், தான் முறை கேட்டுவிட்டாராம்.

இந்த முறை விசயத்தை விளங்கப்படுத்த வேண்டும். சுவிஸ் நாட்டுக் கட்டடங்களில் உடுப்புத் தோய்க்கும் அறை நிலத்தடியில் பொதுவாக இருக்கும். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு நாள். அந்த நாளில் மட்டும் கதவுத் திறப்பு உங்கள் கையில் இருக்கும், மற்ற நாளில் ஒரு கைலேஞ்சி தோய்த்தாலும் குற்றம். இந்தச் சட்டம் எங்கள் ஆட்கள் எல்லோருக்கும் பெரிய தலையிடி. அவருக்கு மட்டும் வந்த முதல் நாளே பிடித்துப்போனது. ஊரில் பங்குக் கிணற்றில் இன்னார் இன்ன நாளில் இறைக்க வேண்டும் என்று முறை இருக்கும் அல்லவா, அதேதான் இது என்றார். "இவங்கள் நல்ல தோட்டக்காரர்" என்று மெச்சினார். அதிலிருந்து அவருடைய மூளை அடுத்த படி ஏறியது. தோய்க்கிற தண்ணீருக்கு முறை உண்டென்றால் ஓடுகிற தண்ணீருக்கும் இருக்கத்தான் வேண்டும். எங்கள் தோய்க்கும் நாள் வியாழன். ஆகவே வாய்க்காலிலும் வியாழக்கிழமைத் தண்ணீர் எங்களுடையது. கீழ்வீட்டில் தனியே இருந்த சுவிஸ் மனிசியிடம் போய், வியாழக்கிழமை நாங்கள் தண்ணீர் எடுக்கலாமோ என்று கேட்டிருக்கிறார். ஓம், வியாழன் உங்களுடைய நாள்தானே என்று அவளும் சொல்லியிருக்கிறாள். அவள் தோய்க்கும் அறையைச் சொன்னாள், பாவம். இவர் வாய்க்காலை எழுதி வாங்கின மாதிரி வந்து நின்றார்.

மோட்டர் ஒரு கொதிப்பு என்றால் அந்த நேர்மை அதைவிடப் பெரிய கொதிப்பு. களவாகச் செய்தாலாவது பிடித்து ஏசலாம். சைக்கிள் றிம்மில் அலுமினியத் தட்டங்களை வெட்டிப் பூட்டி, சங்கிலியும் பெல்ட்டும் இணைத்து, வாய்க்காலுக்குக் குறுக்கே மரச்சட்டம் போட்டு இறக்கினார். வியாழன் காலையில் கட்டை அவிழ்ப்பார். வியாழன் பின்னேரம் ஆறு மணிக்குச் சக்கரத்தைத் தூக்கிக் கயிற்றால் கட்டிவிடுவார். வெள்ளிக்கிழமை தண்ணீர் எவ்வளவு அழகாக ஓடினாலும் தொடமாட்டார். அது மேல்வீட்டுக்காரருடைய முறையாம். இதற்கிடையில் வியாழக்கிழமை உடுப்புத் தோய்க்க அவருக்கு நேரமில்லாமல் போனது. மூன்று கிழமை ஒரே காற்சட்டையோடு வேலைக்குப் போனேன்.

ஐப்பசியில் ஒரு வியாழன், பின்னேரம் மூன்று மணி, நல்ல வெயில். என்னை நித்திரையால் எழுப்பிக் கொண்டுபோய்க் காட்டினார். பல்ப் எரிந்தது. பொய் சொல்லக்கூடாது, நடுங்காமல், மஞ்சளாக, வடிவாக எரிந்தது. அவர் என் முகத்தைப் பார்த்தார். நல்லாயிருக்கு அண்ணை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சூரியன் இதைவிட வெளிச்சமாக எரிகிறது என்று சொல்லிவிட்டுத் திரும்பப் படுக்கப் போனேன். நித்திரை வரவில்லை.

அதற்கடுத்த வியாழன்தான் இலை வந்தது. மரங்கள் எல்லாம் ஒரேயடியாக உதிர்க்கும் மாதம். இலைகள் சக்கரத்தில் அடைத்து, தண்ணீர் மேலேறி, கரை தாண்டி, கீழ்வீட்டு மனிசியின் லீக்ஸ் மரக்கறிப் பாத்திக்குள் போனது. வேறு யாருமென்றால் சக்கரத்தைத் தூக்கியிருப்பார்கள். இவர் மண்வெட்டியைத் தூக்கினார். வந்த தண்ணீரை வீணாக்கலாமோ? மறித்து, வெட்டி, லீக்ஸ் வரிசை ஒவ்வொன்றுக்கும் முறையாகப் பாய்ச்சிக்கொண்டிருந்தார், முழங்கால்வரை சேற்றோடு. ஒரு கிழமையாக மழை பெய்து ஊறிக் கிடந்த பாத்தி அது. மனிசி வாசலில் கைகட்டிக்கொண்டு நின்றாள். நான் வேலையால் வந்து இந்தக் காட்சியைக் கண்டபோது அப்படியே திரும்பிக் கொழும்புக்கே போய்விடலாமா என்றிருந்தது.

அவள் ஒரு சத்தம் போடவில்லை. அடுத்த நாள் தோய்க்கும் அறைக் கதவில், என் பெயருக்கு, அழகான கையெழுத்தில் ஒரு துண்டு ஒட்டியிருந்தாள். அன்புள்ள அயலவரே என்று தொடங்கி, தயவுசெய்து என்று மூன்று இடத்தில் போட்டு எழுதியிருந்தாள். அந்த நாட்டில் அப்படி மரியாதை வந்தால் அடுத்தது கெமைண்டே என்று அர்த்தம். கேக் பெட்டியோடு போய் மன்னிப்புக் கேட்டேன். வீட்டுக்கு வந்து அவரிடம் என்னவெல்லாமோ கத்தினேன். உங்களுக்கு ஒரு வேலையுமில்லை, எனக்குக் குடும்பம் இருக்கிறது, உந்தச் சனியனைத் தூக்கி எறியுங்கள், என் பிள்ளை வருகிற வழியில் அது கிடக்கிறது என்றேன். அவர் முழுவதையும் கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில், "உமக்கு வேறை ஒண்டும் சொல்ல இல்லையோ?" என்று கேட்டார். இவ்வளவு சொன்ன பிறகும் என்ன நக்கல் என்று கதவை அடித்துச் சாத்தினேன்.

கார்த்திகையில் வீட்டை அளக்க கெமைண்டேயிலிருந்து ஆள் வந்தார். செவ்வாய்க்கிழமை. அன்றைக்கு வெளியே போய்விடுங்கள் என்று அவரைக் கெஞ்சிக் கேட்டிருந்தேன். அதிகாரி தடித்த கண்ணாடி, கையில் அளவுநாடா. மூன்று அறையையும் அளந்தார், குறித்தார், பின்கதவைத் திறந்தார். கயிற்றில் கட்டிய சக்கரம் வாய்க்காலுக்கு மேலே தொங்கிக்கொண்டிருந்தது. இது யாருடையது என்று கேட்டார். ஒன்றை இப்போது ஒத்துக்கொள்கிறேன். அந்த நேரம் பயத்துக்கு அடியில் எனக்கொரு ஆசையும் இருந்தது. இந்த அதிகாரி ஏசட்டும், இவரை இந்த வீட்டிலிருந்து எழுப்பட்டும், அந்தப் பாவம் என் கையில் வராமல் போகட்டும் என்ற ஆசை.

வெளியே போகாமல் தோய்க்கும் அறைக்குள் ஒளித்திருந்த மனிதர் படியேறி வந்து, தன்னுடையது என்றார். தனக்குத் தெரிந்த அரைகுறை ஜெர்மனில் வியாழக்கிழமை முறையை விளங்கப்படுத்தினார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்து பார்த்தால் அதிகாரி மேற்சட்டையைக் கழற்றிவிட்டுக் குந்தியிருக்கிறார். கண்டென்சரைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார். இருவரும் ஒரு மணித்தியாலம் கதைத்தார்கள், அதில் முக்கால்வாசி கையால். போகும்போது அதிகாரி, இது நல்ல வேலை, ஆனால் வாய்க்கால் மில்காரருக்குச் சொந்தம், ஒரு மாதத்துக்குள் கழற்றிவிடுங்கள் என்று சொல்லி அவருடைய கையைப் பிடித்துக் குலுக்கினார். என் கையைத் தொட்டதோடு சரி. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை.

பத்து நாளில் கடிதம் வந்தது. சக்கரத்தைப் பற்றி அதில் ஒரே ஒரு வரிதான். முறைப்பாடு ஒன்றும் இல்லை, வீடும் நல்ல வீடு. ஆனால் இந்த முகவரியில் இன்னொரு வளர்ந்தவர் பதிந்திருக்கும்வரை பிள்ளைக்கு அறை இருப்பதாகக் கணக்கில் எடுக்க முடியாது. அவர் பதிவை மாற்றிய அன்றே விண்ணப்பம் மேலே போகும்.

நாலு நாள் அந்தக் கடிதத்தை மேற்சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு திரிந்தேன். நாலு நாளும் அவரை ஏசினேன். கிறீஸ், பெல்ட், வயர், மோட்டர் என்று கண்ணில் பட்டதையெல்லாம் பிடித்து ஏசினேன். ஐந்தாம் நாள் வியாழன். அவர் வாய்க்கால் கரையில் சக்கரத்தைக் கழற்றிக்கொண்டிருந்தார். பக்கத்தில் போய் நின்றேன்.

"அண்ணை, நீங்கள் வேறை இடம் பாக்கவேணும். பிள்ளைக்கு அந்த அறை வேணுமாம்" என்றேன்.

அவர் நட்டைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் போட்டார். "ஓம்" என்றார். "ஷாஃப்ஹவுசனிலை எங்கடை ஊர்க்காரர் ஒராள் இருக்கிறார். ஒரு கட்டில் இருக்குது, எப்பவும் வரலாம் எண்டு சொன்னவர். நான் கேட்டு வைச்சு ஆறு மாசம்."

ஆறு மாதம். அப்போ ஏன் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்று கேட்டேன்.

"வீடு உம்மடை. சொல்லவேண்டியவர் நீர்தானே. நானாப் போனால், கோவிச்சுக்கொண்டு போட்டார் எண்டு நீர் கவலைப்படுவீர்" என்றார். பிறகு சக்கரத்தைத் தூக்கி நிமிர்த்திவிட்டு என்னைப் பார்த்தார். "ஒவ்வொருக்கா நீர் கத்தேக்கையும், இண்டைக்குச் சொல்லப்போறீர் எண்டு பாத்துக்கொண்டிருப்பன். நீர் மோட்டரைப் பற்றியே கத்தினீர், தம்பி."

எனக்கு வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்திலும் வாயில் வந்தது கோபம்தான். அங்கே ரைன் நதி முழுக்க மலை போல விழுகிறது, போகிற இடத்திலாவது தண்ணீர்ப் பக்கம் போகாமல் ஒழுங்காக இருங்கள் என்று சத்தம் போட்டேன். அவர் சிரித்தார். ஞாயிற்றுக்கிழமை பெட்டியை ஒரு கையிலும் மோட்டரை மறுகையிலும் தூக்கிக்கொண்டு ரயில் ஏறினார். திங்கட்கிழமை பதிவை மாற்றினார்.

சித்திரையில் மனைவியும் மகளும் வந்து இறங்கினார்கள். அவரைப் பற்றி மனைவிக்கு நூறு கதை சொல்லியிருக்கிறேன். தள்ளுவண்டி, லீக்ஸ், சோற்றுப் பானை போல்ட் எல்லாம் அவளுக்குப் பாடம். சொல்லும்போது இருவரும் வயிறு நோகச் சிரிப்போம். அவர் ஏன் போனார் என்று ஒருமுறை கேட்டாள். மோட்டரை வைத்து ஒரு வாக்குவாதம், கோபித்துக்கொண்டு அவராகவே போய்விட்டார் என்று சொல்லிவிட்டேன். இன்றுவரை அவள் அப்படித்தான் நம்பிக்கொண்டிருக்கிறாள்.